ஸ்ட்ரைக் அன்று மட்டும் சரியாக வந்த கணக்கு

வந்திருந்தவர்கள்: சங்கச் செயலாளர் கலியபெருமாள், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் நான்கு பேர், கணக்கு எழுதும் நான். வராதவர்: காசாளர் ஆரோக்கியமேரி.

'வராதவர்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்று. அவரை யாரும் கூப்பிடவில்லை என்று எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி கிடையாது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், கேண்டீன் ஜன்னலில் உட்கார்ந்து அவர் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சில்லறை விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"எழுதிக்கப்பா ஏழுமல," என்றார் செயலாளர். "மூணு மாசமா பணம் கொறையுது. ஞாயித்துக்கெழம பொதுக்குழுவுல வெச்சி அந்தம்மாவ நிறுத்திடலாம். அதுக்கு முன்னாடி ஒத்துகினு ஒரு கையெழுத்து போட்டுச்சின்னா போலீசு கீலீசுன்னு போவாம முடிச்சிக்கலாம்."

"சார், பணம் குறையல சார். கணக்கு டேலி ஆகல. ரெண்டும் வேற."

"எப்டி வேற? கணக்கு டேலி ஆவலன்னா எவனோ தூக்கிகினு பூட்டான்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்ளோதான்."

மற்ற நால்வரும் என்னைப் பார்க்காமல் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள். அதன் இறக்கைகளில் நிலக்கரித் தூசி பழுப்பாகப் படிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

போர்வை போர்த்திய கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லியிருந்தேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்ட காலம். அப்படி நிற்கப்போவதை வாங்கு வாங்கு என்று சங்கத்தை நச்சரித்தவன் நான்தான்.

எங்களுடையது ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய கேண்டீன் சங்கம். நெய்வேலிச் சுரங்கத்து வாசலுக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தது. மூன்று ஷிப்டுக்கும் சாப்பாடு. பர்மனென்ட் ஆட்களுக்கு உள்ளே பெரிய கேண்டீன் உண்டு. எங்கள் ஆட்களுக்கு இதுதான். பெரும்பாலும் வடக்குத்து, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். என் அப்பாவும் அதில் ஓர் உறுப்பினர். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி எடுக்கும் வேலை.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது. மானிட்டருக்கு மஞ்சள், குங்குமம். தூசி படாமலிருக்கச் செயலாளர் வீட்டிலிருந்து வந்த பூப்போட்ட போர்வை. காலையில் நான் போர்வையை விலக்கும்போதெல்லாம், "எழுந்துருச்சா தம்பி?" என்று கேட்பார் ஆரோக்கியமேரி அக்கா. மூன்று மாதமாக ஒரே கேலி. எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

கணக்கு புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாபு. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். கழுத்தில் எப்போதும் டை இருக்கும். பஸ்ஸில் தூங்கும்போதும் இருக்கும்.

கணக்குப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். நூறு ரூபாய்க்குச் சாப்பாடு விற்றால், ரொக்கம் என்ற தலைப்பில் நூறு பற்று. விற்பனை என்ற தலைப்பில் நூறு வரவு. எந்த நாளில் கூட்டிப் பார்த்தாலும் பற்று எல்லாம் சேர்ந்ததும் வரவு எல்லாம் சேர்ந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கூட்டிக் காட்டுவதுதான் டிரையல் பேலன்ஸ். ஒன்றாக இல்லையென்றால் பாபுவின் புரோகிராம் கடைசி வரியில் 'வித்தியாசம்' என்று ஒரு தொகையைத் துப்பும்.

எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் துப்பியது. ஏப்ரலில் ஆயிரத்துச் சொச்சம். மே மாதம் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. ஜூனில் ஆயிரத்து இருநூற்று ஆறு. எப்போதும் பற்றுப் பக்கம்தான் குறைவு. அதாவது விற்பனை எழுதியிருக்கிறது, பணம் வந்து சேரவில்லை என்பதுபோல.

அதனால்தான் எல்லார் கண்ணும் பணப்பெட்டிமேல் போனது.

ஒன்பதால் வகுத்த நாள்

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"எண்ணு தம்பி. பெட்டிக்கும் ரொக்கப் புக்குக்கும் ஒரு ரூவா வித்தியாசம் இருந்தா நானே எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடறன்."

எண்ணினேன். சரியாக இருந்தது.

"இத சொன்னா, 'அப்ப புக்குல ஏத்தறதுக்கு முன்னாலயே எடுத்துட்ட'ம்பாரு செயலாளரு. அதுக்கு நான் என்னா சொல்றது? நான் எடுக்காததுக்குக் கையெழுத்து மட்டும் போட மாட்டன். எங்கூட்டுக்காரரு சீசன் முடிஞ்சி வந்து உக்காந்துகினு இருக்காரு. இந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. போலீசுக்குப் பயந்துகினு போட்டுட்டா, நாளைக்கிக் கோயில்ல எப்படிப் போயி மண்டி போடுவன்?"

அவருடைய கணவர் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு சீசனுக்கு மட்டும் வேலைக்குப் போகிறவர். வடக்குத்தில் வாடகை வீடு. திருடி என்ற பெயரோடு அந்தத் தெருவில் அவர்கள் இருக்க முடியாது. சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் தும்மினால் அடுத்த பிளாக்கில் கேட்கும்; வடக்குத்துக்கு அதற்கு முன்பே போய்விடும்.

கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வித்தைகளை எல்லாம் எடுத்தேன். வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடு. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் அகப்படும். தேடினேன், அகப்படவில்லை. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்.

ஜூன் மாதத்து ஆயிரத்து இருநூற்று ஆறு ஒன்பதால் வகுபட்டது! மேசையைத் தட்டினேன். ஒருநாள் முழுக்க ஒவ்வொரு வவுச்சராக எடுத்து, ஐம்பத்து நான்கு நாற்பத்தைந்தாக மாறியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் பில், விறகு பில், மண்ணெண்ணெய் பில் எல்லாம் சுத்தமாக இருந்தன. அந்த எண் தற்செயலாக வகுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டோம். வந்து பார்த்துச் சரிசெய்ய பதினைந்தாயிரம் ஆகும் என்றார்கள்.

"பதினஞ்சாயிரமா!" என்றார் செயலாளர். "மூணு மாசத்துக்கும் சேத்து கொறைஞ்சதே அதுல கால்வாசி இல்ல. பேசாம அந்தம்மாவே தூக்கிகினு இருக்கட்டும்."

நேற்றிலேயே இருந்தவர்

இங்கே கொஞ்சம் வழி மாறுகிறேன். காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு தினக்காலண்டர் தொங்கும். மளிகைக் கடையில் கொடுத்தது. அதன் தாளை அப்பாதான் கிழிப்பார். எழுத்து தெரியாது, எண் தெரியும். முதல் ஷிப்டு, இரண்டாவது ஷிப்டு வாரங்களில் விடிந்ததும் கிழித்துவிடுவார். நைட் ஷிப்டு வாரத்தில் மட்டும் அது வேறு மாதிரி. காலையில் வேலை முடிந்து வந்து, டிபன் கேரியரை ஆணியில் மாட்டி, காலைக் கழுவிவிட்டு வந்துதான் கிழிப்பார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் ஒருநாள் முன்பே கிழித்துவிட்டேன். வந்ததும் சத்தம் போட்டார்.

"நான் இன்னும் நேத்துலதான்டா இருக்கன். அதுக்குள்ள எவன்டா கிழிச்சது?"

எங்கள் ஊரில் நைட் ஷிப்டுக்குப் போகிற எல்லாருக்கும் கணக்கு அப்படித்தான். இரவு பத்துக்கு உள்ளே போனவனுக்கு, காலை ஆறுக்கு வெளியே வரும்வரை அதே தேதி. வருகைச் சீட்டிலும் அதே தேதி. கேண்டீனிலும் ராத்திரி டோக்கன் முழுக்க முதல்நாள் தேதியில்தான் கிழியும். கடிகாரம் பன்னிரண்டு அடித்தால் நாள் மாறும் என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. அதை நான் பரீட்சைக்கு எழுதினேனே தவிர, வீட்டில் யாரும் நம்பியதில்லை.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம்.

ஒவ்வொரு நாளாக

பொதுக்குழுவுக்கு இன்னும் ஒருநாள். சனிக்கிழமை காலை போர்வையை விலக்கியபோது அக்கா கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அதுவரை மாதக் கடைசித் தேதிக்கு மட்டும்தான் டிரையல் பேலன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம். அன்று வேறொன்று தோன்றியது. எந்த நாளிலிருந்து குறைய ஆரம்பித்தது? ஜூன் ஒன்றாம் தேதிவரை எடு, இரண்டாம் தேதிவரை எடு என்று போய்க்கொண்டே இருந்தால், சரியாக இருந்த கணக்கு ஒருநாள் கெடும். அந்த நாளைப் பிடித்துவிடலாம்.

பிரிண்டரில் புது ரிப்பனை மாட்டினேன். அது கிர்ர் கிர்ரென்று இழுத்து இழுத்து அடித்தது. துளை போட்ட காகிதம் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது.

ஒன்றாம் தேதி, வித்தியாசம். இரண்டாம் தேதி, வேறு வித்தியாசம். மூன்றில் கொஞ்சம் ஏறியது, நான்கில் இறங்கியது. எந்த நாளும் சரியாக இல்லை. எந்த இரண்டு நாளும் ஒன்றுபோலும் இல்லை.

திருட்டு என்றால் நேற்றுப் போனது போனதுதான். இன்று போவது அதோடு சேர வேண்டும். தொகை மேலே மேலே ஏற வேண்டும். இங்கே நேற்றுக் குறைந்தது இன்று தானாகவே சரியாகிவிடுகிறது. வேறு அளவில் புதிதாக இன்னொன்று குறைகிறது. எந்தத் திருடன் தினமும் எடுத்து, மறுநாள் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்ப எடுப்பான்?

மாதத்தின் நடுவில் ஒரு தாள் வந்தது. அதன் கடைசி வரியில் வித்தியாசமே இல்லை. பற்றும் வரவும் பைசா சுத்தமாக ஒன்று.

தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, இந்தத் தேதி என்னா நாள்?"

ஜன்னலில் டோக்கனுக்கு நின்ற ஆள், "யோவ், சோறு வாங்க வந்தவன நிக்க வெச்சிட்டு ஜோசியமா பாக்கற?" என்றார்.

அக்கா தேதியைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "அன்னிக்கி ஸ்ட்ரைக்கு இல்ல? பகல்ல கொஞ்சம் பேருக்குச் சாப்பாடு போட்டோம். நைட்டு ஷிப்ட்டுக்கு எவனும் வரல, நாம கேண்டீனே தொறக்கலியே."

நைட் ஷிப்டுக்குக் கேண்டீன் திறக்காத நாளில் மட்டும் கணக்கு சரியாக இருக்கிறது.

நான் அங்கேயே நின்றேன். டிபன் கேரியரை ஆணியில் மாட்டும் சத்தம் காதில் கேட்டது. நான் இன்னும் நேத்துலதான்டா இருக்கன்.

"அக்கா, ராத்திரி டோக்கன் பணத்த எப்பக் கட்டுவாங்க உங்ககிட்ட?"

"காலைல. ஆறு மணிக்கி ஷிப்ட்டு முடிஞ்சி, ராத்திரி ஜன்னல்ல இருந்தவங்க குடுப்பாங்க. நான் வந்ததும் வாங்கி, அன்னிக்கித் தேதியிலதான் ரொக்கத்துல ஏத்தறன். பணம் கைக்கு வந்த தேதியில எழுதணும்னு செயலாளருதான சொன்னாரு?"

"விற்பனைய?"

"அது ஷிப்ட்டு தேதியில. மொத நாளு. அதுவும் அவருதான் சொன்னாரு. நீதானே தம்பி ரெண்டு தேதியும் போட்டுகினு வர."

ஆமாம். புரோகிராம் எழுதும்போது செயலாளர் அடம் பிடித்தது நினைவுக்கு வந்தது. "நைட்டு ஷிப்டுன்னா எங்களுக்கு ரெண்டு தேதி வேணும்பா. சோத்துக்கு ஒண்ணு, பணத்துக்கு ஒண்ணு." பாபுவும் டையைச் சரிசெய்துகொண்டு, "அதுக்கென்ன சார், ரெண்டு கட்டம் வெச்சிடலாம்" என்று வைத்துவிட்டார். ஒரே வவுச்சர், அதன் வரவு ஒரு தேதியில், பற்று மறுநாள் தேதியில். எந்த நாளில் கூட்டினாலும் முதல்நாள் ராத்திரிச் சாப்பாடு உள்ளே இருக்கும், அதற்கான பணம் மறுநாளில் இருக்கும். பணம் எங்கேயும் போகவில்லை. ராத்திரி ஷிப்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. டோக்கன் ஜன்னலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அக்கா உள்ளே வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. அவர் ராத்திரி டோக்கன் தொகையைப் படிக்க, நான் தாளில் இருந்த வித்தியாசத்தைப் படித்தேன்.

"ஆயிரத்து நாப்பத்தெட்டு," என்பார் அக்கா.

"ஆயிரத்து நாப்பத்தெட்டு!"

"தொள்ளாயிரத்துப் பன்னெண்டு அம்பது காசு."

"அம்பது காசு அக்கா! அம்பது காசு!"

ஏலம் விடுவதுபோல இருவரும் கத்தினோம். பாத்திரம் கழுவியவர்கள் கையை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். கடைசித் தாள், ஜூன் முப்பது. அக்கா டோக்கன் கட்டைப் பிரித்தார். குரல் இறங்கியது.

"ஆயிரத்து இருநூத்தி ஆறு."

நான் படிக்கவில்லை. தாளை அவர் கையில் கொடுத்தேன். மாதா படத்தை எடுப்பதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு போர்வையின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

சரிசெய்தது

அன்று மத்தியானமே பாபுவை வரவழைத்தோம். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது தேதிக் கட்டத்தை எடுத்தார். பற்றும் வரவும் ஒன்றாக இல்லையென்றால் வவுச்சரையே ஏற்காதபடி பூட்டுப் போட்டார். 'வழியில் உள்ள பணம்' என்று புதுத் தலைப்பு ஒன்று திறந்தேன். ராத்திரி விற்றது அன்றைய தேதியில் அதில் போய் உட்காரும். காலையில் பணம் கட்டியதும் மறுநாள் தேதியில் அங்கிருந்து ரொக்கத்துக்கு வரும். இரண்டு வவுச்சர், ஒவ்வொன்றுக்கும் ஒரே தேதி. பழையதையெல்லாம் அப்படியே மாற்றிப் பதிந்தோம். ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் டேலி ஆயின.

பாபு கூலி வாங்கவில்லை. "என் கட்டம்தானே மாட்டிவிட்டது. பரோட்டா மட்டும் வாங்கிக் குடு," என்றார்.

என் பேர மொதல்ல எழுதுங்க

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை நிறைய ஆட்கள். நைட் ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்தவர்களும் இருந்தார்கள், என் அப்பா உட்பட. அக்கா மாதா கோயிலில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு வந்து பின்னால் நின்றார்.

செயலாளர் எழுந்து, "கணக்குல ஒரு சிக்கல்…" என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, "தம்பி, நீயே சொல்லுப்பா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பற்று, வரவு என்று ஆரம்பித்தால் தூங்கிவிடுவார்கள் என்று பயம். "உங்க வீட்ல நைட் ஷிப்டு வாரத்துல காலண்டர் தாள எப்பக் கிழிப்பீங்க?" என்று கேட்டேன்.

"காலைல வந்துதான்," என்றது கொட்டகை.

"டவுன்ஷிப் ஆபீசர் வீட்ல?"

"அவரு வூட்ல முன்னாடியே கிழிச்சிடுவாங்க, அவருக்கு என்னா ஷிப்டா கிப்டா!"

"நம்ம கேண்டீன் சோறு நம்ம காலண்டர்ல இருந்தது. பணம் ஆபீசர் காலண்டர்ல இருந்தது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. அவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். "ஏம்பா கலியபெருமாளு, ராத்திரி சோத்தத் தின்னது நாங்க, பழி இந்தப் பொண்ணு மேலயா?"

அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "எம் புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

செயலாளர் கையெழுத்துக்காக வைத்திருந்த காகிதத்தை எல்லார் எதிரிலும் நாலாகக் கிழித்தார். அவரும் கெட்டவரில்லை. "எம்மா ஆரோக்கியமேரி, மனசுல வெச்சிக்காத," என்றார்.

அக்கா முன்னால் வந்தார். "மனசுல வெச்சிக்கல சார். புக்குல வைங்க. அன்னிக்கிக் கூட்டத்துல நான் வரலன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கி வந்திருக்கன். என் பேர மொதல்ல எழுதுங்க. பணம் கொறையலன்னு அதுக்குக் கீழ எழுதுங்க. நான் பாக்க எழுதுங்க."

எழுதினேன். வந்திருந்தவர்கள்: காசாளர் ஆரோக்கியமேரி. செயலாளர் பெயர் இரண்டாவது வரிக்குப் போனது. பணம் குறையவில்லை என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கடைசியில் போண்டா வந்துதான் அடக்கியது.

மறுநாள் காலை போர்வையை விலக்கினேன். "எழுந்துருச்சா தம்பி?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அன்றைய முதல் வவுச்சரைப் போட்டேன், பற்றும் வரவும் ஒரே தேதியில். காகிதம் ஒரு கட்டு நூற்று எண்பது. ரிப்பன் அறுபத்தைந்து. பாபு வந்துபோன பஸ் பதினான்கு, அவர் தின்ற பரோட்டா இருபத்து மூன்றரை. பொதுக்குழுவுக்குப் போண்டா, டீ அறுபது. ஆக மொத்தம், முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.